தென்னந்தோப்பில் திரியும் நாய் எங்கே இருக்கிறதென்று போனில் பார்க்க முடியுமா?

கொப்பரைக்களம்:

எல்லாருக்கும் வணக்கம். உடுமலைக்கு வடக்கே பெதப்பம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோப்பு. தென்னை, ஓரமாகக் கொப்பரைக் களம், களத்தை ஒட்டியே வீடு. நான், அத்தை, ஏழாவது படிக்கும் மகன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வெளியூர்தான். ராத்திரிக்கு எங்களுக்குத் துணை என்றால் அது செவலை. சிப்பிப்பாறை, பெட்டை, மூன்று வயது. நிறத்தை வைத்தே பேரும் வைத்துவிட்டோம்.

போன தீபாவளி ராத்திரி பக்கத்துத் தோட்டத்தில் பெரிய சரம் ஒன்றைக் கொளுத்தினார்கள். செவலையைத் திண்ணைத் தூணில் கட்டியிருந்தேன். சரம் முடிகிறவரைக்கும் சத்தமே இல்லை, பயந்து ஒடுங்கியிருப்பாள் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் சங்கிலி மட்டும் தரையில் கிடக்கிறது, நுனியில் கழுத்துப்பட்டை. அறுந்துபோகவில்லை, கொக்கியும் விடவில்லை. மாட்டியது மாட்டியபடியே இருந்தது. தலை வழியாக உருவிக்கொண்டு ஓடியிருக்கிறாள். கையில் எடுத்தபோது பட்டையின் உள்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

மூன்று ராத்திரி தேடினோம். அத்தை வாசல் கதவைச் சாத்தவே விடவில்லை. மகன் பள்ளிக்கூடம் போகாமல் வாய்க்கால் மேடு முழுக்க சைக்கிளில் சுற்றினான். நாலாம் நாள் காலையில், எங்கள் தோப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு காத்தாடிக்கு, அதாவது கரண்ட் எடுக்கிற காற்றாலைக்கு, காவல் இருக்கிற பெரியவர் ஊர்க்கடையில் டீ குடிக்க வந்தவர், "செவப்பா ஒரு நாய் காத்தாடி அடியில படுத்துக் கிடக்குது, சோறு வெச்சா திங்க மாட்டீங்குது" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் போன் பண்ணினார். போய்ப் பார்த்தால் அவளேதான். நாலு பாதமும் தேய்ந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, வாலை மட்டும் இரண்டு தரம் மண்ணில் தட்டினாள். தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

இனிமேல் இப்படி ஆகக்கூடாது. என்னிடம் இருப்பது பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன். "சிம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம், உலகத்தில் எங்கே இருந்தாலும் ஜிபிஎஸ்ஸில் காட்டும்" என்று ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு, கழுத்துப்பட்டையில் மாட்டுகிற சின்ன வட்ட வில்லை ஒன்று விளம்பரத்தில் வருகிறது. அது நிஜமா? எங்கள் பக்கம் வீட்டு வாசலில் ஏர்டெல் இரண்டு கோடு, களத்தில் மூன்று, தோப்பின் கிழக்கு மூலையில் ஒன்றுமே கிடைக்காது. ஐயாயிரம் வரைக்கும் செலவு பண்ண முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிவீடு:

அக்கா, செவலை திரும்பி வந்ததே பெரிய விஷயம். நான் வேளச்சேரியில் அடுக்குமாடியில் இருக்கிறேன். எங்களுடையது தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய், பேர் பட்டாணி. நான் ஐபோன் வைத்திருப்பதால் பட்டையில் ஏர்டேக் என்ற ஆப்பிள் வில்லையை மாட்டியிருக்கிறேன். போன மழையில் செக்யூரிட்டி கேட்டைத் திறந்த நேரம் பார்த்து வெளியே ஓடிவிட்டான். போனில் பார்த்தேன். முதலில் டீக்கடை முனையைக் காட்டியது, ஐந்து நிமிடம் கழித்து பஸ் ஸ்டாப். பைக்கை எடுத்துக்கொண்டு போனால் அங்கே சமோசா விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இருபது நிமிடத்தில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

சிம் கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது. பேட்டரி ஒரு வருடம் வருகிறது, தீர்ந்தால் கடையில் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். உங்களுடையது ஆண்ட்ராய்டு என்பதால் ஏர்டேக் வேலைக்கு ஆகாது, ஆனால் ஆண்ட்ராய்டுக்கும் இதே மாதிரி வில்லைகள் வந்துவிட்டன. ஒன்று வாங்கிப் போடுங்கள், நிம்மதியாகத் தூங்கலாம்.

ஸ்குரூடிரைவர்:

அக்கா, மேலே தம்பி சொன்னது அவர் இடத்துக்குச் சரி. உங்கள் தோப்புக்குச் சரிவராது. காந்திபுரத்தில் பதினாலு வருடமாக செல்போன் ரிப்பேர் பண்ணுகிறேன். அந்த விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்து என் மேஜைக்கு வருகிறவர்கள் அதிகம். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அந்த வில்லையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஜிபிஎஸ் சில்லே இருக்காது. ஒரு சின்ன ப்ளூடூத் சில், ஒரு பீப்பர், ஒரு பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். ஏர்டேக்கிலும் ஜிபிஎஸ் கிடையாது. தான் எங்கே இருக்கிறோம் என்பது அந்த வில்லைக்கே தெரியாது. "நான் இன்னார்" என்று சும்மா சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, "இந்த எண்ணுள்ள வில்லையை இந்த இடத்தில் பார்த்தேன்" என்று தன் ஜிபிஎஸ்ஸை வைத்து நெட்டில் சொல்லும். அது உங்கள் போனுக்கு வரும். பட்டாணியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நின்றவர்களின் ஐபோன்கள். வேளச்சேரியில் அதற்குப் பஞ்சம் இல்லை.

செவலை படுத்திருந்த காத்தாடியை நினைத்துப் பாருங்கள். அங்கே இருந்தது அந்தப் பெரியவர் ஒருவர்தான். அவரிடம் இருந்தது பட்டன் போன் என்றால் மூன்று நாளும் அந்த வில்லை ஊமையாகத்தான் கிடந்திருக்கும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூகுளின் தேடும் வலை 2024இல் வந்தது, இப்போது அதற்கு ஃபைண்ட் ஹப் என்று பேர். வாங்கியபடியே விட்ட போனில் அது "ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும்" என்ற அமைப்பில்தான் இருக்கும். அப்படி இருந்தால் ஒரே ஒரு போன் வில்லையைப் பார்த்தது போதாது, பல போன்கள் பார்த்தால்தான் இடத்தைக் காட்டும். யாரையும் வேவு பார்க்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் வாய்க்கால் மேட்டில் பல போனுக்கு எங்கே போவது? செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் போய் ஃபைண்ட் ஹப்பில் "எல்லா இடங்களிலும்" என்று மாற்றலாம். ஆனால் அதை அந்த வழியாகப் போகிறவர்கள்தான் தங்கள் போனில் மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் மாற்றி என்ன பயன்?

உங்களுக்கு வேண்டியது சிம் போடுகிற ஜிபிஎஸ் பட்டை. அதில் செயற்கைக்கோளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கிற சில் ஒன்று, அதை சிம் வழியாக உங்கள் போனுக்கு அனுப்புகிற சில் ஒன்று என்று இரண்டு இருக்கும். வெட்டவெளியில் ஐந்து பத்து மீட்டருக்குள் காட்டும். தென்னை மட்டைக்கு அடியில் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. தகரக் கொட்டகைக்குள் போனால்தான் தடுமாறும். வாங்கும்போது 4ஜியா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவாக வருகிற பல பட்டைகள் 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அதில் ஜியோ சிம்மைப் போட்டால் உயிர் வராது. ஏர்டெல் சிம் போட்டும் நெட் வரவில்லை என்றால் ஏபிஎன் (நெட் இணைப்பின் பேர்) என்ற இடத்தில் ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம் என்று ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் பட்டை கெட்டுவிட்டது என்று கொண்டுவருவதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான்.

சார்ஜ் அடிக்கடி போட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தரம் இடம் காட்டச் சொன்னால் ஒரு நாள்கூடத் தாங்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் என்று வைத்தால் இரண்டு மூன்று நாள் வரும். சிம்முக்கு ரீசார்ஜ் தீர்கிற தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். நாய் ஓடின அன்றைக்குத்தான் ரீசார்ஜ் முடிந்திருந்தது என்று ஒருவர் என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

கொப்பரைக்களம்:

அண்ணா, ரொம்ப நன்றி. அந்தப் பெரியவரிடம் இருப்பது பட்டன் போன்தான், கடைக்காரர் சொன்னார். நீங்கள் எழுதியதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. நல்லவேளை, வில்லையை ஆர்டர் போடவில்லை. இன்னொரு சந்தேகம். உடுமலையில் ஒருவர் நாய்க்குத் தோலுக்கு அடியில் சிப் வைக்கலாம், அதைப் போனில் பார்க்கலாம் என்கிறார். அது கழுத்திலிருந்து உருவாதே, அதை வைத்துவிடலாமா?

நாலுகால்:

சென்னையில் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். சிப் பற்றித் தினமும் நாலு பேராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். இங்கே மாநகராட்சி உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியதிலிருந்து இன்னும் அதிகம்.

சிப் என்பது அரிசி மணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். கழுத்துக்குப் பின்னால் தோளுக்கு நடுவே ஊசியில் ஏற்றுவோம். அதில் பேட்டரி கிடையாது. 15 இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். ரீடரைத் தோலுக்கு மேலே ஒட்டினாற்போலப் பிடித்தால்தான் அந்த எண் தெரியும். போனில் இடம் காட்டவே காட்டாது. உங்கள் நாயை யாராவது பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் "இது இன்னாருடையது" என்று நிரூபிக்க உதவும். அதற்காக வைத்துக்கொள்ளுங்கள், தேடுவதற்கு என்று நம்பி வைக்காதீர்கள்.

வில்லை வைத்திருக்கிற தம்பிக்கும் ஒரு வார்த்தை. அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரியை நாய் கடித்து விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்து புண்ணாகிவிடும். இரண்டு நாய் வளர்க்கிற வீடுகளில் ஒன்றின் கழுத்தில் இருப்பதை இன்னொன்று கடித்து எடுத்துவிடும். நாங்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது வயிற்றில் வெள்ளையாக வட்டம் தெரிந்த ஒரு லாப்ரடாரை என்னால் மறக்க முடியவில்லை. வில்லை காணவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, உடனே கொண்டுவாருங்கள். தொங்குகிற மாதிரி மாட்டாமல் பட்டைக்குள்ளேயே பதிகிற உறை போடுங்கள்.

கரிசல்காட்டான்:

அம்மா, நான் சாத்தூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து சிப்பிப்பாறைதான். எல்லாரும் கழுத்தில் எதை மாட்டுவது என்று பேசுகிறார்கள். முதலில் கழுத்தைப் பாருங்கள்.

இந்த ஜாதிக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். காதுக்குப் பின்னால் அளந்து பார்த்தால் கழுத்துச் சுற்றும் தலைச் சுற்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். லாப்ரடாருக்குப் போடுகிற பட்டையை இதற்குப் போட்டால் பின்னால் இழுத்தவுடன் காதை மடக்கி உருவிக்கொண்டு வந்துவிடும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஐயாயிரம் ரூபாய் ஜிபிஎஸ் பெட்டியை அந்தப் பட்டையிலேயே மாட்டினால் அடுத்த தீபாவளிக்குப் பெட்டி திண்ணையில் கிடக்கும், நாய் காத்தாடி அடியில் கிடக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருக்கிற தோல் பட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள், பின்பக்கம் சின்ன வளையம் ஒன்று தனியாக வைத்து, இழுக்கும்போது மட்டும் இறுகி, விட்டால் தளர்கிற மாதிரி. உள்ளே இரண்டு விரல் போனால் போதும். செருப்புத் தைக்கிறவரிடம் நாயையே கூட்டிக்கொண்டு போய் அளவு கொடுங்கள்.

பட்டையிலேயே உங்கள் போன் நம்பரைப் பொறித்துவிடுங்கள். தகட்டில் அடித்து இரண்டு ரிவெட் வைத்தால் போதும். பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவருக்கும் நம்பரைப் படித்துக் கூப்பிடத் தெரியும்.

அப்புறம், தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பயந்த நாயைப் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடித் துரத்தினால் அது இன்னும் தள்ளித்தான் போகும். சொந்தக்காரர் குரல்கூட அப்போது அதற்குப் புரியாது. கடைசியாகப் பார்த்த இடத்தில் நீங்கள் உடுத்திக் கழற்றிய சேலையைப் போட்டு, தண்ணீர் வைத்து, தள்ளி உட்காருங்கள். பக்கவாட்டாக உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். விடியற்காலையில் வரும். எங்கள் ஊரில் போன வருடம் ஒன்று ஓடியபோது பையன்கள் ஏழு பேரும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். யார் எந்த ஓடையைப் பார்த்தாயிற்று என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஒரே காட்டை மூன்று தரம் சுற்றவில்லை. பெட்டி வாங்கக் காசில்லாதவர்களுக்கும் அந்த வழி உண்டு.

கொப்பரைக்களம்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கரிசல்காட்டு ஐயா சொன்னதை முதலில் செய்தேன். உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செருப்புத் தைக்கிற தாத்தாவிடம் செவலையையே கூட்டிப்போனேன். காதுக்குப் பின்னால் நூல் வைத்து அளந்தார், அப்புறம் தலையைச் சுற்றி அளந்தார். இரண்டுக்கும் ஒரு விரல்கடைதான் வித்தியாசம். "இத்தன நாளு எப்படிம்மா கட்டிப்போட்டீங்க" என்று கேட்டார். முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். தகட்டில் என் நம்பரும் வீட்டுக்காரர் நம்பரும் இருக்கிறது.

4ஜி பட்டைப் பெட்டி நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். சிம் போட்டும் நெட் வரவில்லை, ஸ்குரூடிரைவர் அண்ணா சொன்ன அந்த ஒரு வரியை அடித்ததும் வந்துவிட்டது. செவலைக்கு மாட்டுவதற்கு முன்னால் மகன் அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு தோப்பு முழுக்க நடந்தான். நான் திண்ணையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். கிழக்கு மூலைக்குப் போனதும் புள்ளி அப்படியே நின்றுவிட்டது. அவன் களத்துக்குத் திரும்பி வந்ததும் நடந்த வழி முழுக்கக் கோடாக வந்து விழுந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் பெட்டி வழியைச் சேர்த்து வைத்துக்கொண்டு அப்புறம் அனுப்புகிறது. வாங்குகிறவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், எங்களைப் போன்ற இடத்துக்கு அது முக்கியம்.

ஒரு நாள் பயந்தே போனேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனைப் பார்த்தால் செவலை குடிமங்கலம் நால்ரோட்டுப் பக்கம் இருப்பதாகக் காட்டுகிறது. செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். அத்தை கூப்பிட்டு, "கொப்பரைக் குடோனுக்குள்ள தூங்குறாளே" என்றார். மேலே தகரக் கூரை. செயற்கைக்கோள் கிடைக்காததால் பெட்டி டவரை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறது. இப்போது பார்க்கத் தெரிந்துவிட்டது. ஜிபிஎஸ் என்றால் புள்ளி மட்டும் வரும், டவர் கணக்கு என்றால் புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் வரும். வட்டத்தைப் பார்த்தால் முதலில் குடோனைப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுகிறேன்.

சார்ஜ் ஒன்றுவிட்டு ஒரு நாள் மத்தியானம் போடுகிறேன், அவள் குடோனில் தூங்குகிற நேரத்தில். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் என்று வைத்திருக்கிறேன். தோப்பைச் சுற்றிப் போனிலேயே ஒரு வேலி போட்டிருக்கிறேன், அதைத் தாண்டினால் எனக்கும் மகனுக்கும் மணி அடிக்கும்.

அந்த வேலியால் தெரிந்ததுதான் இது. இரண்டாவது வாரத்தில் விடியற்காலை நாலரைக்கு மணி அடித்தது. மறுநாளும் அதே நேரம். கோட்டைப் பார்த்தால் நேராக மேற்கே இருக்கிற கோழிப்பண்ணைக்குப் போய், பின்பக்கம் இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறாள். மூன்றாம் நாள் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். செத்த கோழிகளைப் போடுகிற குழி மூடாமல் கிடந்தது, செவலை உள்ளே இறங்கி நிற்கிறாள். ஆறு மாதமாக அவளுக்கு வயிறு சரியில்லாமல் மாத்திரை மேல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். காரணம் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பண்ணைக்காரரிடம் போனில் அந்தக் கோட்டைக் காட்டினேன். சண்டை எதுவும் இல்லை, அவரும் நல்ல மனுசர். மறுநாளே சுண்ணாம்பு போட்டு மண் தள்ளி மேலே ஷீட் வைத்துவிட்டார். அதற்கப்புறம் மாத்திரை இல்லை.

போன வாரம் ஊரில் மாரியம்மன் நோம்பி. ராத்திரி பத்து மணிக்கு வாணவேடிக்கை என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். எட்டரைக்கே செவலையைக் குடோனுக்குள் விட்டு, இரண்டு ஃபேனையும் போட்டு, கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு நானும் மகனும் சாக்கு மேல் அவள் பக்கத்தில் படுத்தோம். முதல் வெடிக்கு எழுந்து நடுங்கினாள். மகன் கையை எடுத்து அவள் முதுகில் வைத்தான். போனில் பெரிய வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி, எங்கேயோ நால்ரோட்டுப் பக்கம். வெடிச்சத்தம் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவள் மகன் மடியில் தலையை வைத்துத் தூங்கியிருந்தாள்.